விடுபட்ட இரண்டு வருஷம்

கண்ணு,

வருஷத்தை விலைக்கு வாங்கலாம் என்பது எனக்கு முந்தாநாள்தான் தெரியவந்தது. முடிந்துபோன ஒரு வருஷத்தை, பணம் கட்டி வாங்கிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள நீ இருக்கிற தேசத்தில் அனுமதி உண்டு என்று நிர்மலா போனில் சொன்னபோது அவள் என்னிடம் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாடவில்லை. "அத்தை, நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். இதோ, சொல்லிவிட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உன் பெண்டாட்டி என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வாள்?

நான் சொல்லச் சொல்லக் கௌரி எழுதுகிறாள். எனக்கு எழுதத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். தோள் வலி வந்த பிறகு நாலு வரிக்கு மேல் பேனா பிடித்தால் கை மரத்துவிடுகிறது. நான் பேசுகிற மாதிரியே எழுதுடி என்றால் "அசிங்கமா இருக்கும்மா" என்று பாடப் புத்தகம் போல மாற்றி எழுதுகிறாள் உன் தங்கை. போனில் பேசியிருக்கலாம்தான். போனில் நீ சிரிப்பாய், "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்மா" என்பாய், அடுத்து சாப்பிட்டாயா என்று கேட்பாய், பேச்சு அதோடு முடிந்துவிடும். காகிதத்தில் என்னை அப்படி மடக்க முடியாது. உன் அப்பா போன வாரம் நெய்து முடித்த புடவையை எடுத்துக்கொண்டு நெசவாளர் சங்கத்துக்குப் போயிருக்கிறார். அதைக் கொடுத்து, கூலி வாங்கி, டீ குடித்து, ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டை வந்து சேர மத்தியானம் ஆகும். அவர் வருவதற்குள் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன். முடிந்ததும் இவள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

நிர்மலா சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். அந்த ஊரில் பத்து வருஷமாவது சம்பளத்தில் பிடித்துக் கட்டியவர்களுக்குத்தான் வயதான காலத்தில் அரசாங்கம் பென்ஷன் தரும். பத்துக்குக் குறைந்தால் குறைந்த அளவு பென்ஷன் என்று கிடையாது, ஒன்றுமே கிடையாது. உனக்கு எட்டு இருக்கிறது. முதலில் போய் வேலை பார்த்த ஐந்து, திரும்பிப் போன பிறகு மூன்று. நடுவில் இரண்டு வருஷம் வெற்றாகக் கிடக்கிறது. அந்த இரண்டுக்கும் இப்போது பணம் கட்டிவிட்டால் பத்து நிறைந்துவிடும். அடுத்த மாதம் நீங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிறீர்கள். போன பிறகு இதே மாதிரி கட்ட விடுவார்களா, விதி மாறிவிடுமா என்று உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கே நிச்சயமாகத் தெரியவில்லையாம். அவர்களுடைய கணக்கு வருஷம் நம் சித்திரைக்குக் கொஞ்சம் முன்னால் பிறக்கிறது. ஆகவே பங்குனி உத்திரத்துக்கு முன்பே கட்டிவிட வேண்டும் என்று நீயும் பணத்தை எடுத்து வைத்திருந்தாய். போன வாரம் திடீரென்று, கட்டப் போவதில்லை, அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பப் போகிறேன் என்று சொல்லிவிட்டாய். நிர்மலா காரணம் கேட்டிருக்கிறாள். நீ பாத்திரம் கழுவப் போய்விட்டாயாம்.

அவளுக்குத்தான் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீயே சொன்னாய். "அம்மா, கௌரிய டுட்டோரியல்ல சேத்துடு. பத்தாவது எழுதட்டும், அப்புறம் பன்னெண்டாவது எழுதட்டும். நர்சிங் காலேஜ்ல ஹாஸ்டலோட போட்டுடலாம். மொத்தத்துக்கும் இப்பவே அனுப்பிடறேன்" என்றாய். குடிபோகிற நேரத்தில் ஏதுடா பணம் என்று கேட்டதற்கு "இருக்குதும்மா, உனக்கென்ன" என்றாய்.

இந்த இடத்தில் இவள் பேனாவை நிறுத்திவிட்டாள். நீ சொன்னதை நான் இவளிடம் இதுவரை சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

"எனக்காவா?"

"ஆமா. எழுது."

"அண்ணா என்னைக் கேக்கவே இல்லியே."

"கேட்டா மட்டும் நீ வாயத் தொறந்து பதில் சொல்லிடுவியா? அவன் போன் பண்ணா, ம், சரிண்ணா, நல்லா இருக்கேன்ணா. அதுக்கு மேல இதுவரைக்கும் என்னா பேசியிருக்கிற?"

முகம் சிவந்துவிட்டது. குனிந்து எழுதுகிறாள். இதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்று சொல்கிறேன், கேள். உன் அப்பா விழுந்த அந்தச் சித்திரை உனக்கு மறக்கவில்லை. பக்கவாதத்தில் இடது பக்கம் வாங்கிவிட்டது என்று நான் போனில் அழுத மூன்றாம் நாள் நீ விமானத்திலிருந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாய். வீட்டுக்கு அழைத்து வந்தபோது கட்டில் போட இடம் இல்லை. காற்றும் வெளிச்சமும் வருகிற ஒரே இடத்தில் தறி நின்றது. அப்போதுதான் ஒரு பாவு, தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், நெய்து முடிந்திருந்தது. பாவின் வால் மட்டும், ஒரு முழம் பட்டு நூல், சீப்பு மாதிரி பல் வைத்த அச்சுக்குள்ளும் இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதுக்குள்ளும் நுழைந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. நெசவுக்காரர்கள் அந்த வாலை எடுப்பதில்லை. அடுத்த பாவு வந்ததும் அதன் ஒவ்வொரு இழையையும் இந்தப் பழைய வாலின் இழையோடு முறுக்கிப் பிணைத்து இழுத்துவிட்டால் தறி தயாராகிவிடும். நீ நெசவுக்காரர் பிள்ளைதான், ஆனால் பள்ளிக்கூடம், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி என்றே வளர்ந்துவிட்டாய். கழிவு நூல் என்று நினைத்துக் கத்திரிக்கோலால் வெட்டினாய். அச்சில் சிக்கியிருந்த துணுக்குகளையும் ஒன்று விடாமல் உருவிப்போட்டுத் துடைத்து, தறியைக் கழற்றி மூலையில் சாத்தினாய். எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்கிறவன் நீ. நானும் கௌரியும் பக்கத்தில் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அன்றைக்குத் தறி யார் கண்ணில் பட்டது?

மாசி மாதம் அப்பா எழுந்து உட்கார்ந்தார். சங்கத்தில் கெஞ்சிக் கேட்டுக் கல்யாண சீசனுக்குப் பாவு வாங்கி வந்தோம். குறித்த நேரத்தில் ஏற்றாவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்றுதான் கொடுத்தார்கள். அப்பா அச்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் பல்லுக்குள் எதிர் ஜன்னல் பளிச்சென்று தெரிந்தது.

"யார்ரா இத தொடச்சி வெச்சது?"

"நான்தாம்பா. அழுக்கா இருந்துச்சி" என்றாய்.

விழுந்த நாளிலிருந்து சிரிக்காத மனிதர் அன்று வாய் கோணச் சிரித்தார். "அழுக்கா இருந்துச்சாம். டேய், உன் ஆஸ்பத்திரியில நல்ல கால வெட்டிப் போட்டுட்டு கட்டு சுத்தமா கட்டுவீங்களா?" என்றார். உனக்குச் சிரிப்பு வரவில்லை. வால் இருந்திருந்தால் பிணைக்கிற பெண்கள் வந்து ஒரே நாளில் முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது ஒவ்வொரு இழையாக விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் புதிதாக நுழைக்க வேண்டும். முன்னால் ஒருவர் கொக்கியோடு, பின்னால் ஒருவர் இழை எடுத்துக் கொடுக்க. ஊரில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்த சமயம், ஆள் கிடைக்கவில்லை. நீ உட்கார்ந்து பார்த்தாய். உன் விரல் பட்ட இழையெல்லாம் அறுந்தது. என் கண்ணுக்கு இழை தெரியவில்லை. கௌரி உட்கார்ந்தாள். அவள் விரலுக்கு மட்டும் அந்தப் பட்டு படிந்து போயிற்று.

அந்த வாரம்தான் அவளுக்குப் பத்தாவது பரீட்சை. முதல் நாள் காலையில் நீ அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தவன், தறிக்குப் பின்னால் இவளைப் பார்த்து நின்றாய். "இன்னிக்கு உனக்குப் பரீட்சை இல்ல?" என்று கேட்டாய். "இல்லண்ணா, தள்ளிப் போட்டுட்டாங்க" என்றாள். நிமிரவே இல்லை, இழையைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். நீ நம்பினாய். நானும் நம்பினேன் என்று சொல்லமாட்டேன், எனக்கு அன்று அதைக் கேட்க நேரம் இல்லை. இரண்டு நாள் கழித்து எதிர் வீட்டுப் பெண் கேள்வித்தாளோடு வந்து நின்றபோதுதான் உனக்குத் தெரிந்தது. அடுத்த பரீட்சைகளுக்காவது போ என்று நீ எவ்வளவோ கெஞ்சினாய். ஒன்று போனது போனதுதான், எல்லாரும் பார்ப்பார்கள் என்று இவள் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் கோர்வைக் கரைப் புடவை வந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மறு கரைக்கு, குறுக்கு நூலை வைத்துத் தள்ளுகிற நாடாவைப் போட வேண்டும். இவள் உட்கார்ந்தாள். இன்று வரை எழுந்திருக்கவில்லை.

இதுதான் உன் நெஞ்சில் கிடக்கிறது. நீ வெட்டிய ஒரு முழம் நூலுக்காகத் தங்கை படிப்பு போயிற்று என்று நீயாகவே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறாய். அதற்கு அபராதமாக உன் கிழ வயதைக் கட்டப் பார்க்கிறாய்.

அந்த அபராதத்தைக் கட்டாதே. நான் அதற்குச் சம்மதிக்கமாட்டேன்.

அந்த ஊர்க் கணக்கில் இரண்டு வருஷம் வெற்றாகக் கிடக்கிறது என்று நிர்மலா சொன்னதும் நான் விரல் விட்டுப் பார்த்தேன். அது எந்த இரண்டு என்று கண்டுபிடிக்க எனக்குக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு நீ அந்த இரண்டு வருஷம் எங்கேயும் இல்லை. எனக்குத் தெரியும் நீ எங்கே இருந்தாய் என்று. காலையில் எழுந்ததும் அப்பாவின் இடது காலை உன் மடியில் வைத்து மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாய். அவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார். "அந்த ஊர்ல நோயாளிய இப்படித்தான் சித்ரவதை பண்ணுவியா?" என்பார். "அங்க நோயாளிங்க திட்ட மாட்டாங்கபா, புகார்தான் எழுதிக் குடுப்பாங்க" என்பாய் நீ. பேருந்து நிறுத்தம் வரை கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவாய். பாதியில் அவர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டால் நீயும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாய், போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று. அவர் திரும்பத் தறிக்குழியில் கால் வைத்ததற்கு வேறு யாரும் காரணம் இல்லை. அந்த இரண்டு வருஷத்தையும் நீ எங்களுக்குக் கொடுத்தாய். இப்போது பணம் கட்டினால் அதே இரண்டு வருஷத்தை உன் பெயரிலும் எழுதிக்கொள்ளலாம் என்று ஒருவன் சொல்கிறான். அதை வேண்டாம் என்பதற்கு உனக்கு என்ன திமிர்?

நீ சொல்லப்போகிற பதிலும் எனக்குத் தெரியும். எழுபதை நெருங்கும்போது வரப்போகிற பணம், அதற்கு இப்போது என்ன அவசரம் என்பாய். ஆஸ்திரேலியாவில் இருந்தால் அந்தப் பென்ஷன் வருஷா வருஷம் ஏறாது, தொடங்கின இடத்திலேயே நிற்கும் என்று நிர்மலாவிடம் சொன்னாயாம். நிற்கட்டும். உனக்கு எழுபது வயது வராது என்று நினைக்கிறாயா? உன் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். விழுகிற வரைக்கும் அவருக்குத் தன் கால் ஒரு கால் என்றே தெரியாது. என்னைப் பார். கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்து இந்த வீட்டில் நூல் சுற்றியிருக்கிறேன், பாவுக்குக் கஞ்சி போட்டிருக்கிறேன், தோள் போகிற வரைக்கும் கரைக்கு நாடா போட்டிருக்கிறேன். சங்கத்தில் உறுப்பினர் உன் அப்பா. புடவை அவர் பெயரில் போகிறது, கூலி அவர் பெயரில் வருகிறது, பென்ஷன் என்று ஏதாவது வந்தாலும் அவர் பெயரில்தான் வரும். என் வருஷங்களை எண்ணி வைத்தவர்கள் யாரும் இல்லை. இன்றைக்கு யாராவது வந்து, அம்மா, உன் வருஷத்தில் இரண்டை எண்ணித் தருகிறேன், பணம் கட்டு என்றால் நான் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிடுவேன். எண்ணுகிற இடத்தில் நீ இருக்கிறாய், கண்ணு. விட்டுவிட்டுப் போகாதே.

ஆகவே பணத்தைக் கட்டு. கௌரிக்கு அனுப்பாதே. கௌரிக்கு நாங்கள் இருக்கிறோம். அவள் கையில் தொழில் இருக்கிறது. அவள் படிக்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை.

இந்தக் கடைசி வரியைச் சொன்னதும் இவள் பேனாவை மூடிவிட்டாள். கொஞ்ச நேரம் இங்கே ஒன்றும் எழுதப்படவில்லை. நடந்ததை இப்போதுதான் சேர்த்துச் சொல்கிறேன், இவளும் ஒழுங்காக எழுதுகிறாள்.

"இத எழுத மாட்டேன்" என்றாள்.

"ஏன்டி?"

"நான் கேக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்ப கேட்ட?"

பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சரி, வழக்கம்போல எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சின்ன காஞ்சிபுரத்துல ஒரு டுட்டோரியல் இருக்குது. மாடியில. ஜரிகை வாங்கப் போறப்ப ரெண்டு வாட்டி அதும் வாசல் வரைக்கும் போயிட்டேன். மாடி ஏறல. திரும்பி வந்துட்டேன்." அப்புறம், எனக்குக் கேட்குமோ கேட்காதோ என்கிற மாதிரி, "எனக்கு வேணும்மா" என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் இவள் எனக்கு வேண்டும் என்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. தீபாவளிக்குக்கூட எந்த நிறம் என்றால் "உன் இஷ்டம்மா" என்பவள். இவ்வளவு நேரம் உனக்குச் சட்டமாகப் பேசியதெல்லாம் அப்படியே சரிந்துவிட்டது. உன் வருஷத்தை வாங்கு என்றால் இவள் வருஷம் போகிறது. இவளுடையதை வாங்கு என்றால் உன்னுடையது போகிறது. இரண்டும் நான் பெற்றது. எதிரில் ஒருத்தி பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள், இன்னொருவன் கடலுக்கு அந்தப் பக்கம் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறான். நான் எதைச் சொன்னாலும் அதை எழுதப்போகிறவள் இவள்தான்.

"அப்ப அண்ணன் பணத்த அனுப்பட்டும்னு எழுதிடவா?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"வேணாம்" என்றாள். யோசிக்காமல் சொன்னாள். "அது அண்ணாவோடது. பத்தாவது தனியா எழுதறதுக்கு அவ்ளோ செலவெல்லாம் ஆவாதும்மா. அது நம்ம கூலியிலயே முடியும். எனக்கு வேண்டியது வேற."

"வேற இன்னா?"

"காலையில க்ளாஸ். அந்த நேரத்துல அப்பாவுக்குக் கரை போட ஆள் வேணும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீயும் நானும் பணத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம். இவள் காலில் கட்டியிருப்பது பணம் இல்லை. பக்கத்தில் இவள் உட்காராவிட்டால் உன் அப்பாவின் தறி ஓடாது. நீ எவ்வளவு அனுப்பினாலும் அந்த இடம் அப்படியேதான் இருக்கும். இவள் எழுந்தால் அங்கே யார் உட்காருவது என்பதை நாலு வருஷமாக இந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

அந்த நேரம் பார்த்து உன் அப்பா வந்துவிட்டார். காலை இழுத்து நடக்கிற சத்தம் தெருவிலேயே கேட்டது. காகிதத்தை மறைக்கலாமா என்று நான் யோசித்ததை இவள் பார்த்தாள். மறைக்கவில்லை. அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் பையைச் சுவரில் மாட்டினார்.

"யாருக்குக் கடுதாசி?"

"அண்ணாவுக்கு" என்றாள் இவள்.

"அவனுக்கு எதுக்கு கடுதாசி? போன் கெட்டுப்போச்சா? இன்னா எழுதற?"

இவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நான்தான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். இவள் பார்க்கவில்லை. "நான் பத்தாவது எழுதப் போறேன்பா. காலையில டுட்டோரியல் போவணும்" என்றாள். சொல்லிக்கொண்டே பேனாவோடு எழுந்து நின்றாள். இந்தப் பக்கத்தில் ஓர் இடத்தில் மை சிதறியிருக்கிறது பார், அது அப்போது விழுந்ததுதான்.

அவர் தறிக்குப் போய்க் குழியில் காலை இறக்கிக்கொண்டார். அதே பாவில் அடுத்த கோர்வைப் புடவை பாதி நெய்தபடி இருக்கிறது, மாம்பழ நிறத்தில் உடல், அரக்குக் கரை. அதையே தடவிக்கொண்டிருந்தார். "கரை நேரா போறது இவ போடறதாலதான்னு இன்னிக்குக்கூட சங்கத்துல சொன்னாங்க" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. அவர் கோபித்துக் கத்தினால் நான் பதிலுக்குக் கத்துவேன். புகழ்ந்தால் என்ன செய்வது? அந்த ஒரு வார்த்தையில் இவள் திரும்பப் போய் உட்கார்ந்துவிடுவாள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்த மாதிரி, சத்தமில்லாமல்.

இவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"அப்ப கரைக்கு யாரு?" என்றார் கடைசியில்.

"நான்" என்றேன்.

"உனக்குத் தோள் தூக்காது."

"தூக்குற வரைக்கும் போடறேன்."

"புடவை முடிய ரெண்டு பங்கு நாளாவும்."

"ஆவட்டும்."

"கரை வளைஞ்சா சங்கத்துல கூலியில பிடிப்பாங்க."

"பிடிக்கட்டும். நான் வந்த புதுசுல வளைஞ்சப்ப யாரு பிடிச்சாங்க? நீதான் வளைவே அழகுன்னு சொன்ன."

கௌரி இந்த வரியை எழுதமாட்டேன் என்கிறாள். எழுத வைத்துவிட்டேன்.

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. உன் விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன், நீ பென்ஷனை விட்டுவிட்டுப் பணத்தை இங்கே அனுப்ப நினைப்பதை. அவர் புடவையிலிருந்து கையை எடுத்தார்.

"பத்து இருந்தா குடுப்பான். எட்டு இருந்தா ஒண்ணுமே கெடையாதா?"

"கெடையாது."

"நடுவுல ரெண்ட பிணைச்சிட்டா மொத்தமும் ஓடும்."

"ஆமா."

"அப்ப அவன் மறுபடியும் அச்சுல இருக்கிற வால வெட்டிட்டுப் போறான்" என்றார். "எழுது அவனுக்கு. இந்த வாட்டி அழுக்கா இருந்தாலும் பரவாயில்ல, கத்திரிக்கோல கீழ வைக்கச் சொன்னேன்னு எழுது."

எழுதியாகிவிட்டது. இனி நான் சொல்ல அதிகம் இல்லை, கண்ணு. உன் வருஷம் அங்கே பணத்துக்குக் கிடைக்கிறது. பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள். இவளுடைய வருஷம் பணத்துக்குக் கிடைக்காது, என் தோளுக்குத்தான் கிடைக்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தோள் எத்தனை மாதம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. தாங்காமல் போனால் கரைக்குக் கூலி ஆள் வைக்க வேண்டியிருக்கும். அப்போது உன்னிடம் கேட்பேன், வெட்கப்படாமல் கேட்பேன், மாதச் சம்பளத்தில் இருந்து கொஞ்சம் கொடு. அது வேறு பணம். இந்தப் பணத்தைத் தொடாதே. இவளுக்கு நீ கடன்பட்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவில் போய் உட்காராதே. அன்று பரீட்சை இல்லை என்று உன்னிடம் பொய் சொன்னது இவள், கேட்காமல் விட்டது நான், வாலை வெட்டியது நீ, விழுந்தது அப்பா. யார் பங்கு எவ்வளவு என்று பிரித்து எடுக்க முடியாது.

கட்டிய ரசீதை நிர்மலாவின் போனில் இருந்து அனுப்பச் சொல். நீ அனுப்ப வேண்டாம். கட்டிவிட்டேன் என்று நீ சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அப்பா கூப்பிடுகிறார். வெளிச்சம் இருக்கிறபோதே உட்கார்ந்து பார் என்கிறார். நான் போகிறேன். போட்டோ எடுக்கும் முன் இவள் ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும்.

அண்ணா, நான் கௌரி. அம்மா தறிக்குப் போய்விட்டார், மீதியை நானே எழுதுகிறேன். பணத்தைக் கட்டிவிடு. நான் திங்கட்கிழமை டுட்டோரியலுக்குப் போகப்போகிறேன். ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கியதும் உனக்கு போன் செய்வேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், நான் மாடி ஏறி முடிக்கிற வரைக்கும் லைனில் மட்டும் இரு. உன் ஊரில் அப்போது யாரும் எழுந்திருக்கமாட்டார்கள் என்று தெரியும். அன்று ஒரு நாள் மட்டும் எழுந்துகொள்.

இங்கிருந்து தறி தெரிகிறது. அம்மா என் பலகையில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளுகிறார். கை எட்டாமல் ஒவ்வொரு முறையும் உடம்பையே சாய்த்துத் தள்ளுகிறார். கரை கொஞ்சம் வளைகிறது. அப்பா பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு அடுத்த இழைக்கு மிதியை மிதிக்கிறார்.